"ஒண்ணுமில்ல மாஸ்டர்"

மாவட்டக் குத்துச்சண்டைத் தேர்வுப் போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ராயபுரத்தில் எங்கள் பயிற்சிக்கூடம் என்பது ஒரு பழைய குடோனின் பின்கட்டு. நாலு கம்பம் நட்டு, கயிறு கட்டியதுதான் ரிங். பதினாறு வயதுப் பையன் ஒருவன், தன்னைவிட மூன்று கிலோ கூடுதலாக இருந்த இன்னொருவனோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது ரவுண்டு முடியப் போகும்போது, பக்கவாட்டில் வீசும் இடது ஹூக் ஒன்று அவன் தாடையில் விழுந்தது. பெரிய அடி என்று சொல்ல முடியாது. அவன் விழவில்லை, முழங்கால்கூட மடங்கவில்லை. மணி அடித்ததும் மூலைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

தண்ணீர் கொடுத்தேன். "எத்தனாவது ரவுண்டு மாஸ்டர்?" என்றான். "ரெண்டு முடிஞ்சுது, இன்னும் ஒண்ணு" என்றேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினான். கிளவுஸின் பட்டி சரியாகத்தான் ஒட்டியிருந்தது. அதைப் பல்லால் பிரித்து, மறுபடி ஒட்டினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "எத்தனாவது ரவுண்டு மாஸ்டர்?" என்றான்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "தலை சுத்துதாடா?" என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றான். மூன்றாவது ரவுண்டுக்கு எழுப்பிவிட்டேன். அதில் அவன் தலையில் இன்னும் நாலைந்து அடி வாங்கினான்.

அன்று இரவு என் வண்டியிலேயே பின்னால் உட்காரவைத்து, கல்மண்டபத்தில் அவன் வீட்டில் இறக்கிவிட்டேன். மறுநாளும் வந்தான். பேக் அடித்தான். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலையில் அவன் அம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். அவருக்கு இட்லிக் கடை, மூன்றரை மணிக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைப்பவர். பையன்தான் கூடமாட உதவி. "மாஸ்டர், மாவுக் கரண்டிய எடுத்துனு வந்து, எதுக்கு எடுத்தேன்னு கேக்கறான். ரெண்டு நாளா ட்யூப் லைட்ட போட்டா கண்ண மூடிக்கிறான். நீங்க அடிச்சீங்களா, வேற யாராவது அடிச்சாங்களா?" என்றார். சண்டை போட வந்தவர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. "அப்ப நாளைக்கு வரலாமா டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன். அந்த இளம் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். சி.டி. ஸ்கேன் என்பது மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, எலும்பு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான், கன்கஷன், அதாவது அடியில் மூளை கலங்குவது, அதில் தெரியாது என்றார். மூளையின் வேலைதான் குழம்பியிருக்கும், படத்தில் மூளை நன்றாகவே இருக்கும். "ஸ்கேன் நார்மல்னா உயிருக்கு உடனடி ஆபத்து இல்லைன்னு அர்த்தம். அடி படலைன்னு அர்த்தம் இல்ல."

பிறகு அவர் சொன்ன உதாரணத்தைத்தான் இன்றுவரை எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். தூக்குச்சட்டியில் கட்டித் தயிரை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். சட்டென்று சட்டியை ஒரு திருப்பு திருப்பினால் சட்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தயிர் உடைந்து நீர் விட்டுக்கொண்டிருக்கும். ஹூக் தலைக்குச் செய்வது அதைத்தான். நேராக வாங்கும் குத்தைவிட, தாடையில் பக்கவாட்டில் விழுந்து தலையைத் திருப்பும் குத்து மூளையை அதிகம் முறுக்குகிறது. "ஹெட்கார்ட் போட்டிருந்தானே டாக்டர்" என்றேன். "சட்டிக்கு வெளியே துண்டு சுத்தினா தயிர் உடையாம இருக்குமா?" என்றார்.

ஹெட்கார்ட் என்கிற அந்தத் தலைக்கவச விஷயத்தில் எனக்கு இருந்தது முப்பது வருட நம்பிக்கை. அது புருவம் கிழியாமலும் காது நசுங்காமலும் காக்கும், அதற்கு அது வேண்டும். கன்கஷனை அது தடுப்பதில்லை. சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் பெரிய ஆண்களுக்கு 2013இல் ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ஆண்கள் வெறும் தலையோடுதான் ஆடினார்கள். எடுத்தது சரியா தப்பா என்று இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஹெட்கார்ட் மாட்டியதும் பையன்கள் தைரியமாகத் தலையை நீட்டிக்கொண்டு போகிறார்கள், நாமும் தைரியமாக அடிக்கவிடுகிறோம்.

பையனுக்குச் சரியாக ஐந்து வாரம் ஆனது. தேர்வுப் போட்டிக்குப் போகவில்லை. அது போகட்டும். காலாண்டுப் பரீட்சையில் கணக்குத் தாளைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். எழுத்து மிதக்குது என்றான். சும்மா இருக்கும்போதே தம்பிமேல் எரிந்து விழுந்தான், அப்புறம் உட்கார்ந்து அழுதான். அது அவன் குணமே இல்லை. இதுவும் கன்கஷனின் அடையாளம்தான் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், முந்தின வருடம் "திமிரு புடிச்சு அலையறான்" என்று நான் திட்டி அனுப்பிய இன்னொரு பையனையும் வேறு மாதிரி பார்த்திருப்பேன். அவன் திரும்பி வரவே இல்லை.

எங்கள் வாத்தியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர் அவர். நான் சின்னப் பையனாக அவரிடம் சேர்ந்தபோது வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கதை வரும். அலியின் காலடி எப்படி நகர்ந்தது என்று எழுந்து ஆடிக் காட்டுவார். அப்படி ஆடிக் காட்டியவர், இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் போனால் "சாப்ட்டியா?" என்று கேட்கிறார். பதில் சொன்ன பத்து நிமிடத்தில் மறுபடி "சாப்ட்டியா?" என்கிறார். சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைப்பதில்லை. நாள் முழுக்கச் சாந்தமாக இருந்தவர் சாயங்காலம் ஆனால் யாரையோ திட்டுகிறார்.

அவருக்கு வந்திருப்பது குத்துச்சண்டையால்தானா, வயதாலா என்று உயிரோடு இருக்கும்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அலிக்கு 1984இல் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். அதற்கும் குத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஜிம்மி எல்லிஸ், ஒரு காலத்தில் ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தவர், கடைசிக் காலத்தில் குத்துச்சண்டையால் வரும் மறதி நோயோடு இருந்து 2014இல் இறந்தார். அலி 2016இல். வாத்தியார் மெய்மறந்து பார்த்த அந்த ரிங்கில் நின்ற இருவருமே அப்படித்தான் போனார்கள். அவரிடம் இதை நான் சொன்னதில்லை.

இந்த நோய் புதிது இல்லை. 1928லேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க டாக்டர், அடி வாங்கி அடி வாங்கித் தள்ளாடிப் போகும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டார். 2002இல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் இறந்தபோது பென்னட் ஒமாலு என்ற டாக்டர் அவர் மூளையைச் சோதித்து, டாவ் என்கிற புரதம் அங்கங்கே படிந்திருப்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான், அடி மேல் அடியால் வரும் இந்த மூளை நோய்க்கு உள்ள சி.டி.இ. என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டார்கள். என்னை உலுக்கியது வேறொன்று. இந்த நோய்க்கு ஒருவர் எத்தனை முறை மயங்கி விழுந்தார் என்பது பெரிய கணக்கில்லை. எத்தனை வருடம், எவ்வளவு அடி தலை வாங்கியது என்பதே கணக்கு. மயக்கம் வராத, தலைசுற்றல்கூட வராத சின்னச் சின்ன அடிகளும் அதில் சேரும். அப்படியென்றால் போட்டியில் வாங்கும் அடி கொஞ்சம்தான். வருடத்துக்கு ஐந்தாறு போட்டி. வாரத்துக்கு நாலு நாள் ஸ்பாரிங் விட்டது யார்? நான்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அடி வாங்கி வாங்கித்தான் உடம்பு தாங்கும் என்று. கை விஷயத்தில் அது சரி, கை காய்த்துப் போகும். மூளை காய்க்காது. நான் முதலில் மாற்றியது இதைத்தான். இப்போது தலைக்கு முழு வேகத்தில் அடிக்கும் ஸ்பாரிங் மாதத்துக்கு இரண்டு நாள், அதுவும் பதினாறு வயதுக்கு மேல், ஒரே எடை, கிட்டத்தட்ட ஒரே அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். மற்ற நாளில் உடம்புக்கு மட்டும் அடிக்கும் ஸ்பாரிங், இல்லையென்றால் ஒருவன் நேராக நீட்டும் ஜாப் மட்டும் போட, மற்றவன் விலகப் பழகுவது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தலைக்கு அடியே கிடையாது. காலடி, கயிறு, ஒருவர் கையில் பிடிக்க மற்றவர் குத்தும் பேடு, எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் ஷேடோ என்றே ஒரு வருடத்தை ஓட்டலாம். அதில் ஆட்டம் மட்டமாகிவிடவில்லை. விலகத் தெரிந்த பிள்ளைகளாக வருகிறார்கள்.

தரையையும் சொல்ல வேண்டும். எங்கள் ரிங்குக்கு அடியில் வெறும் சிமென்ட்தான் இருந்தது, மேலே ஒரு தார்ப்பாய். குத்து வாங்கிப் பின்மண்டை அடிபட விழுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. முறையான ரிங்கில் ஃபெல்ட்டோ ரப்பரோ விரித்து, அதன் மேல் கேன்வாஸை இழுத்துக் கட்டுவார்கள். மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து ரப்பர் மேட் வாங்கிப் போட்டோம். கூடத்துக்கு நான் செலவழித்த பணத்தில் இதுதான் உருப்படியானது.

எடை குறைப்பதையும் நிறுத்தினேன். எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு காசிமேடு வரை வெயிலில் ஓடவைத்தவன் நான். வறண்டுபோன உடம்போடு ரிங்கில் ஏறுபவன் மெதுவாகத்தான் விலகுவான், இரண்டு அடி கூடுதலாக வாங்குவான். அவன் எந்த எடையில் இருக்கிறானோ அந்த எடையிலேயே ஆடட்டும்.

சரி, அடி விழுந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? கன்கஷன் ஆனவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நினைவு தப்புவதே இல்லை. அதனால் விழுந்தானா என்று பார்த்து ஒன்றும் தெரியாது. "நல்லா இருக்கியா?" என்று கேட்பதும் வீண், "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். பேர் கேட்பதும் வீண், பேர் எப்போதும் ஞாபகம் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 1995இல் டேவிட் மேடாக்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் அந்த நாட்டுக் கால்பந்து வீரர்களிடம் சோதித்துப் பார்த்த கேள்விகள் உண்டு: இது எந்த மைதானம், இப்போது ஆட்டத்தின் எந்தக் கால்பகுதி, கடைசியாக கோல் போட்டது எந்த அணி, போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா. அதை எங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டேன். எந்த இடம், எத்தனாவது ரவுண்டு, கடைசியா என்ன குத்து வாங்கினே, போன தடவை யாரோட ஆடினே, யார் ஜெயிச்சது. ஒன்றுக்குத் தடுமாறினாலும் அன்றைக்கு அவ்வளவுதான். தடுமாறாமல் சொல்லிவிட்டான், ஆனால் நடை சரியில்லை, பார்வை எங்கோ இருக்கிறது என்றாலும் அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் வந்தாலே போதும், அதை அவனிடம் விவாதிப்பதில்லை.

சில நேரம் எல்லாம் சரியாக இருந்துவிட்டு மறுநாள்தான் தெரியும். பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஸ்டீவ் ஸ்மித்தைச் சொல்வேன். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து அவர் கழுத்தில் பட்டது. வெளியே போனார், பரிசோதித்தார்கள், தேறிவிட்டார் என்று திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலையில் எழுந்தால் தலைவலி, மந்தம். அந்த மாதம்தான் கன்கஷன் ஆனவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி வந்திருந்தது, லபுஷேன் அவருக்குப் பதில் இறங்கினார். அடுத்த டெஸ்டில் ஸ்மித் ஆடவே இல்லை. ஆஷஸ் டெஸ்டையே விட்டுவிட்டு உட்கார்ந்தார், நீ மாவட்டப் போட்டியை விட முடியாதா என்று கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள்.

முதல் அடி ஆறாமல் இரண்டாவது அடி வாங்கினால் சில இளம் பிள்ளைகளுக்கு மூளை சட்டென்று வீங்கிவிடும். அபூர்வம்தான், ஆனால் நிமிடக் கணக்கில் உயிர் போய்விடும். மூன்றாவது ரவுண்டுக்கு நான் அவனை எழுப்பிவிட்ட அந்த நொடி என்னைத் தூங்கவிடாததற்குக் காரணம் இதுதான்.

தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப் போவது அல்லது பலம் குறைவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது, எழுப்பினால் எழாத தூக்கம், குழப்பம் அதிகமாவது, கழுத்து வலி. இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், 108. எங்கள் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது, சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். இருக்கிறது. கழுத்து வலிக்கிறது என்றால் ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை ஆளைப் புரட்டவோ தூக்கி உட்காரவைக்கவோ கூடாது. முகத்தில் சோடா அடிப்பது, கன்னத்தில் தட்டுவது, வலிப்பு வந்தால் கையில் சாவி திணிப்பது எல்லாம் வேண்டாம். வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், சிலது ரத்தக் கசிவை அதிகமாக்கும். முக்கியமாக வண்டி ஓட்டக் கூடாது, தனியாகவும் விடக் கூடாது. நான் அன்று செய்தது போல வண்டியில் பின்னால் ஏற்றி அனுப்பவும் கூடாது, வழியில் தலை சுற்றினால் பிடிக்க யார் இருக்கிறார்கள்? ஆட்டோ பிடித்து, கூட ஒருவர் உட்கார்ந்து போக வேண்டும்.

அப்புறம் ஓய்வு. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கப்போடுவதுதான் வைத்தியம் என்று முன்பு நினைத்தார்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த வழிமுறை அப்படிச் சொல்லவில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் நிதானமாக இருப்பது, போனைக் குறைப்பது, வீட்டுக்குள் நடமாடுவது. அதற்குப் பிறகு நடை. தலைவலி பெரிதாக ஏறாவிட்டால் கொஞ்சம் வேகமான நடை, சைக்கிள். பிறகு ஷேடோவும் காலடியும். பிறகு பேக், பேடு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், தொந்தரவு திரும்பினால் ஒரு படி கீழே. டாக்டர் பார்த்துச் சரி என்று எழுதித் தந்த பிறகே ஸ்பாரிங். பள்ளிக்கூடம் முழுசாகத் திரும்பிய பிறகுதான் ரிங். பெரும்பாலோருக்கு இதெல்லாம் முடிய ஒரு மாதம் வரை ஆகும். குத்துச்சண்டை விதிகளிலேயே, தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஆடக் கூடாது என்று இருக்கிறது. அந்த விதியைப் பயிற்சியிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

வியாசர்பாடியில் பொடிப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித்தரும் என் நண்பன் ஒருவன், "இது உங்க ஆட்டத்து நோய்" என்றான். இல்லை என்று சொல்லி, 2019இல் கிளாஸ்கோவில் வந்த ஆய்வைச் சொன்னேன். 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்த்ததில், மூளை தேயும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு இருந்தது. பிறகு அதே குழு பார்த்தபோது கோல்கீப்பர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை, தலையால் அதிகம் முட்டும் டிஃபெண்டர்களுக்குத்தான் மிக அதிகம். ஸ்காட்லாந்தில் 12 வயதுக்குக் கீழே பயிற்சியில் ஹெட்டிங்கே கிடையாது என்று 2020இல் சொல்லிவிட்டார்கள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது அவனிடம் பழகும் சின்னப் பிள்ளைகள் பந்தைத் தரையிலேயே ஆடுகிறார்கள். ஃபுட்பாலுக்கு அது நல்லதுதான் என்கிறான்.

வீட்டாரையும் இதில் சேர்த்துக்கொண்டது பெரிய மாற்றம். மாவுக் கரண்டியைக் கவனித்தது நான் இல்லை, ஸ்கேனும் இல்லை, அந்த அம்மாதான். இப்போது யாருக்குத் தலையில் கெட்டியாக அடி விழுந்தாலும் வீட்டுக்குப் போன் போடுகிறேன். தூக்கம், கோபம், வெளிச்சம், ஞாபகம், இந்த நாலையும் மூன்று நாளைக்குப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். சில அப்பாக்களுக்கு இது பிடிப்பதில்லை. "எங்க காலத்துல இப்டியா மாஸ்டர்?" என்று கேட்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்கு அழைத்துப்போகலாமா என்று தோன்றும். அவரைக் காட்சிப்பொருளாக்க மனம் வராது.

அந்தப் பையன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். ரிங்கில் ஏறுவதில்லை, அது அவன் எடுத்த முடிவு. சனிக்கிழமை வந்து சின்னவர்களுக்குப் பேடு பிடிக்கிறான். போன மாதம் கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி போட்டியில் அடி வாங்கி மூலைக்கு வந்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவன்தான் கேட்டான், எத்தனாவது ரவுண்டு என்று. "மூணு" என்றாள். அப்போது முடிந்திருந்தது முதல் ரவுண்டு. துண்டைப் போட்டுவிட்டேன். அவள் அப்பா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் நோட்டில் இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். டாக்டர் பார்த்துவிட்டார், ஸ்கூலுக்குப் போகிறாள், நேற்று இருபது நிமிடம் சைக்கிள் மிதித்தாள். தலைவலி இல்லை என்கிறாள். அவள் அண்ணிக்குப் போன் போட்டு ராத்திரி எப்படித் தூங்கினாள் என்று கேட்ட பிறகுதான் நாளைக்கு ஷேடோ.